நகத்தில் ஏறிய மனோசிலை

பங்குனியில் ஒரு நாள் காலை, ஒரத்தநாட்டில் என் தையல் கடையைத் திறந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வந்து நின்றார். சட்டை மார்பு வரை திறந்திருந்தது.

"மேகலா, இந்தக் காஜா சின்னதா இருக்கு. கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு" என்றார்.

காஜா என்றால் பொத்தான் துளை. அந்தச் சட்டையைத் தைத்தவளே நான்தான். எத்தனையோ சலவை கண்டு, இருக்க வேண்டிய அளவைவிடக் காஜாக்கள் தளர்ந்தே போயிருந்தன. "போடுங்க பாப்போம்" என்றேன். அவர் விரல்கள் பொத்தானின் மேலேயே இருந்தன. தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் பிடித்தார், பிடித்ததும் நழுவியது.

நான் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். "சாப்டுட்டுப் போங்க" என்றேன். "வேணாம், அக்கா ஆக்கி வெச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு, கட்டிய மனைவியின் கையால் சாப்பிடாமல், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டில் அவர் தங்கியிருந்தார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. என் சமையல் அவருடைய மருந்தைக் கெடுக்கிறது என்று ஒரு வைத்தியர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்தத் தீர்ப்பை என் கணவர் நம்பினார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாக எழுதவே நினைக்கிறேன், ஆனால் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் கணவர் குணசேகரன் பட்டுக்கோட்டை சாலையில் ஒரு கயிறு ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்தார். தேங்காய் மட்டையை அடித்து நாராக்கும்போது எழும் தூசி வருடக்கணக்காக அவர் நெஞ்சில் படிந்து, இளைப்பு நோய் (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு விடச் சிரமப்படுவது) வந்தது. பட்டுக்கோட்டையில் பார்த்த டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். அதை உறிஞ்சினால் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். நன்றாகவே கேட்டது.

கேட்டதுதான் வினையாகிப் போனது. அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பி இன்ஹேலர் உறிஞ்சுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். "அது பழகிடும்டா தம்பி. சாராயம் மாரி. ஒரு தடவ பழகிட்டா விடவே முடியாது. வேரோட புடுங்கற மருந்து வேணும்" என்பார்.

வேரோடு பிடுங்குகிறவர் திருப்பனந்தாளைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருந்தார். ஆயுர்வேத வைத்தியர் என்று பலகை போட்டிருந்தது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் ஒருவர்தான் இப்படி என்று நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

ஐப்பசி மழையில் இளைப்பு அதிகமானபோது மூன்று பேரும் போனோம். வைத்தியருக்கு வயது அதிகமில்லை. குரல் இனிமையாக இருந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் செம்மஞ்சள் நிறக் கல் வைத்திருந்தார். மனோசிலை என்றார். இளைப்பு, இருமல், குளிர்சுரம், தோல் நோய் எல்லாவற்றுக்கும் பழைய நூல்களில் சொல்லப்பட்ட சரக்கு என்றார்.

"இது பாஷாண வகைம்மா, மறைக்கல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா நாங்க சுத்தி பண்ணிடுவோம். பொடிச்சு, அகத்திக்கீரைச் சாறு விட்டு அரைச்சுக் காய வெப்போம். மறுபடி சாறு, மறுபடி அரைப்பு. இப்படி ஏழு தடவை. விஷம் பூரா கீரையில எறங்கிடும். அப்புறம் இது அமிர்தம்."

சிவந்த பொடியைச் சிறு பொட்டலங்களாக மடித்துக் கொடுத்தார். இஞ்சிச் சாற்றிலும் தேனிலும் குழைத்து ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும். ஆலைக்குப் போகக் கூடாது. இன்ஹேலரைத் தொடக் கூடாது. பத்தியத்தில் புளி இல்லை, மீன் இல்லை, கத்தரிக்காய் இல்லை. முக்கியமாக அகத்திக்கீரை கூடவே கூடாது, அது மருந்தை முறித்துவிடும்.

எனக்கு அங்கேயே ஒரு கேள்வி வந்தது. "வெளிய விஷத்த எடுக்கற கீரை, உள்ள போனா மருந்த முறிக்குமாங்க?"

அவர் சிரித்தார். அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். "சாஸ்திரத்துல வாதம் பண்ணக் கூடாதும்மா. பேச்சுக்கும் பத்தியம் இருக்கு. இங்கிலீஷ் டாக்டருங்ககிட்ட இத வாயத் தொறந்து சொல்லிடாதீங்க, மருந்து பலிக்காது" என்றார் வைத்தியர்.

கார்த்திகையில் ஆரம்பித்தோம். இளைப்பு குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆலைக்குப் போகாமல், தூசி படாமல், வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இளைப்பு குறைவதற்கு மனோசிலை வேண்டுமா என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை, நானும் சந்தோஷப்பட்டேன்.

மார்கழியில் வயிறு கெட்டது. சாப்பிட்டது தங்கவில்லை. பிறகு உள்ளங்கால் எரிந்தது. குளிர்ந்த தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே மண்டலத்தை முடித்தார். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் வயிறு சரியாகி என் சமையலை நன்றாகச் சாப்பிட்டார். கால் எரிச்சல் மட்டும் நின்றபாடில்லை.

மாசியில் மறுபடி வைத்தியரிடம் போனோம். அவர் நாடி பார்த்தார். என் கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல அகத்தி மரம் இருக்கா?"

இருந்தது. கொல்லையில் நின்ற மரம். அமாவாசைக்கு மாட்டுக்குக் கீரை கொடுக்கத் தெருவே எங்கள் மரத்தில்தான் ஒடிக்கும்.

"கீரை ஆக்குனீங்களா?"

"எனக்கு ஆக்கினேன். இவருக்குப் போடல."

"எந்தச் சட்டியில?"

வீட்டில் இருப்பது ஒரு பொரியல் சட்டிதான். கழுவித்தான் வைப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்தீங்களா" என்றார் அண்ணியிடம். பிறகு, கீரையை விட்டுவிட்டு, இரவில் நாங்கள் எப்படி இருந்தோம், பத்தியத்தை மனைவி மதித்தாளா என்று அண்ணியின் முன்னாலேயே கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

பத்தியத்தின் சாமர்த்தியம் எனக்கு அன்றுதான் புரிந்தது. குணமானால் மருந்து வேலை செய்தது என்பார்கள். கெட்டுப்போனால் பத்தியம் முறிந்தது என்பார்கள். மருந்து தோற்கவே வழியில்லை. தோற்பதற்கென்று வீட்டில் ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் ஆள் கூட்டிவந்து அண்ணி எங்கள் அகத்தி மரத்தை வெட்டினார். என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டாவது மண்டலத்துப் பொட்டலங்களோடு அக்கா வீட்டுக்குப் போனார். போகும்போது, "கோச்சுக்காத மேகலா. ஒரு மண்டலம்தானே" என்றார். எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. இருபத்தைந்து வருடம் அவருக்கு உலை வைத்த கை இது.

அண்ணி புதுச் சட்டி வாங்கினார். பத்தியத்தில் ஒரு இம்மி பிசகவில்லை. அந்தக் கட்டுப்பாட்டில்தான் என் கணவரின் விரல்கள் மரத்துப்போய், காஜா சின்னதாக இருக்கிறது என்று என் கடைக்கு வந்து நின்றார். அவருடைய சட்டைகளிலெல்லாம் பொத்தானைப் பிரித்துவிட்டுப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதை அழுத்தவும் விரலில் பலம் வேண்டும். அதையும் போட முடியாமல் வந்தார்.

சித்திரை பிறந்த வாரம், நல்ல உச்சி வெயிலில் கடைக்கு வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றில் இல்லை.

"செருப்பு எங்கங்க?"

அவர் குனிந்து பார்த்தார். எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கொதிக்கிற தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை. உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தேன். தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தார்.

நான் கடையைப் பூட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். கால் புண்ணைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். புழுதியில் தூறல் விழுந்த மாதிரி முதுகெல்லாம் சிறு கரும்புள்ளிகள். மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த முதுகு இரண்டு மாதமாக என் வீட்டில் இல்லை.

பிறகு கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "ஊசியால லேசா குத்துறேன். குத்தும்போது சொல்லுங்க" என்றார். ஒவ்வொரு விரலாகக் குத்திக்கொண்டு வந்தார். ஒரு விரல் நுனியில் பொட்டாக ரத்தம் வந்தது. என் கணவர் கண்ணை மூடியபடியே, "ம், ஆரம்பிங்க டாக்டர்" என்றார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மருத்துவர் அவர் நகங்களை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "நாட்டு மருந்து ஏதாவது சாப்டீங்களா?"

"இல்லைங்க" என்றார் என் கணவர், உடனே. பேச்சுப் பத்தியம்.

"சாப்டாருங்க" என்றேன். "மனோசிலை. ஏழு தடவை சுத்தி பண்ணினதாம்." கணவர் என்னைப் பார்த்த பார்வையில், கடைசிப் பத்தியத்தையும் நானே முறித்துவிட்டேன் என்பது இருந்தது. முறித்ததற்குச் சந்தோஷப்படுகிறேன்.

மருத்துவர் என்னை அருகில் கூப்பிட்டு நகத்தைக் காட்டினார். எல்லா நகத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடுகள். நுனிக்குப் பக்கத்தில் ஒன்று, வேருக்குப் பக்கத்தில் ஒன்று. நடுவில் சுத்தமான நகம்.

"நகம் வேர்லேருந்து நுனிக்கு வர ஏறக்குறைய அரை வருஷம் ஆகும்மா. உடம்புக்குள்ள விஷம் போறப்ப வளர்ற நகத்துல கோடு விழும். நுனிக் கோடு மார்கழி வாக்குல விழுந்திருக்கணும். இந்தக் கோடு பங்குனியில. நடுவுல கொஞ்ச நாள் ஒண்ணும் போகல. அப்ப என்ன பண்ணீங்க?"

"மருந்து நிறுத்தியிருந்துச்சு" என்றேன். "என் வீட்டுல சாப்டுக்கிட்டு இருந்தாரு."

என் கணவர் தன் நகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுத்தமான இடைவெளி என் சமையல். வேர்ப்பக்கக் கோடு, புதுச் சட்டியில் ஒரு இம்மி பிசகாத பத்தியம். எனக்கு அழுகை வந்தது, அதோடு யாரையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது.

சோதனைக்கு மருந்துப் பொடி வேண்டும் என்றார் மருத்துவர். பொட்டலங்கள் அண்ணி வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தன. போய்க் கேட்டேன்.

"ஏன், ஒம் பேர்ல தப்பு வந்துரும்னு பயமா?" என்றார் அண்ணி.

"அவர் விரல்ல ஊசி குத்தி ரத்தம் வந்துச்சு அண்ணி. இன்னும் ஆரம்பிக்கலியான்னு கேட்டாரு."

அண்ணி சாமி மாடத்துப் பக்கம் திரும்பினார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்தப் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாசம்தான் தேனில் குழைத்து ஊட்டியது. பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, "கொண்டு போ. அதுல ஒண்ணும் இருக்காது" என்றார், குரல் உடைந்து.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன் சில நாள் மீன் சாப்பிடக் கூடாது என்றார் மருத்துவர். மீனில் இயல்பாகவே அந்த வகைப் பொருள் கொஞ்சம் இருப்பதால் கணக்குத் தப்பும் என்று காரணமும் சொன்னார். அதுவும் பத்தியம்தான். ஆனால் காரணம் சொன்ன முதல் பத்தியம், மீறினால் யார் மேல் பழி என்று சொல்லாத பத்தியம்.

சிறுநீரிலும் பொடியிலும் ஆர்செனிக் இருந்தது. ஆர்செனிக் என்பது பாஷாணத்தின் உள்ளே இருக்கும் நஞ்சு. என் கணவருக்கு வந்திருந்தது புற நரம்புப் பாதிப்பு (கை, கால் நுனிகளுக்குப் போகும் நரம்புகள் பழுதாவது). "சுத்தி பண்ணினா போயிடாதா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர். அப்போதும் அவருக்கு ஒரு ஆசை.

"மேல ஒட்டுனது கொஞ்சம் போகலாம். ஆனா அந்தக் கல்லே ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்ததுதாங்க. அரிசியைக் களைஞ்சா தவிடு போகும், அரிசி போயிடுமா?" என்றார் மருத்துவர்.

நஞ்சைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் தந்தார்கள். வயிற்றைப் புரட்டும், உடல் வாடும். பிறகு நரம்பு தானாக வளர வேண்டும், அதற்கு மருந்து கிடையாது. முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன். வேரோடு பிடுங்குகிறேன் என்று சொல்லாத முதல் வைத்தியம்.

இன்ஹேலர் திரும்ப வந்தது. என் கணவரும் வீட்டுக்கு வந்தார். கால் எரிச்சலில் போர்வை பட்டாலே துடிப்பார். சோற்றைப் பிசைய வராது, நான் பிசைந்து ஊட்டினேன். முதல் கவளத்துக்கு வாயைத் திறக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. "நல்லா மெல்லுங்க. அகத்தியெல்லாம் போடல" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அது எனக்குத் தேவைப்பட்டது.

வைத்தியருக்குப் போன் செய்தேன். சோதனை முடிவைச் சொன்னேன். கொஞ்சம்கூடக் குரல் உயரவில்லை. "பத்தியம் சரியா இருந்திருந்தா அமிர்தம்மா அது. முறிஞ்சதுனால பாஷாணமாயிடுச்சு" என்றார். இனிமையாகவே சொன்னார். புகார் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் பெயரும் தேதியும் எதுவும் எழுதாத ஒரு பொட்டலம் இருக்கலாம். ஆயுர்வேதமே வேண்டாம் என்று சொல்ல நான் யார். படித்துப் பட்டம் வாங்கி, கொடுக்கும் மருந்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மருந்து சாப்பிட்டுக் கால் எரிந்தால் சமையல்கட்டுக்குள் போய்ச் சட்டியை முகர்ந்து பார்க்காதீர்கள். நகத்தைப் பாருங்கள். டாக்டர் கேட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் ஓரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தரையைப் பார்த்துத்தான் அடி வைப்பார், கால் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். விரல் பயிற்சிக்காகத் தட்டில் பயறும் பாசிமணியும் கலந்து வைப்பேன், கண்ணை மூடிப் பிரிப்பார். பாதிக்கு மேல் தப்பும். அண்ணி வாசலோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். "அந்த அகத்தி மரத்துக் காத்து பட்டிருக்குமோ என்னமோ" என்று ஒரு நாள் சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

எங்கள் வீட்டில் காலம் அவருடைய நகத்தில் நகர்ந்தது. நுனிக் கோடு முதலில் போனது. பின்கோடு மெல்ல மெல்ல ஏறி வந்தது. ஆடியில் நகத்தின் நடுவில் இருந்தது, புரட்டாசியில் விளிம்புக்கு வந்தது. அந்த இரண்டு மாதத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாமலிருந்தது, அது அவர் விரலிலேயே உட்கார்ந்திருந்தது. மறக்கவும் விடாது, சீக்கிரம் போகவும் போகாது.

ஐப்பசி ஆரம்பத்தில் ஒரு மத்தியானம், வெளியே மழை. "மேகலா, நகம் வளந்துடுச்சு. நீயே வெட்டு" என்று கையை நீட்டினார். பழைய செய்தித்தாளை விரித்து, நகவெட்டியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். கட்டைவிரலின் விளிம்பில் கடைசி வெள்ளைக் கீற்று இருந்தது. அதை ஒரு துளியும் மிச்சம் வைக்கக் கூடாது என்று ஒட்ட வெட்டினேன். சதையோடு கடித்துவிட்டது.

"ஸ்ஸ்! வலிக்குதுடி" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வாழ்க்கையில் ஒருவரை நோகடித்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இன்னும் இல்லை. ஆனால் அந்த விரலை மறுபடி பிடித்தேன்.

"எங்க வலிக்குது? கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க" என்றேன்.